ஆன் ஹாத்தவேயின் வீடு

நாடக ஆசிரியர் ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்தவே வளர்ந்த இல்லம் இங்கிலாந்தில், ஸ்ட்ராட்ஃபர்ட் நகரை அடுத்த ஷாட்டரி என்னும் சிற்றூரில் இன்றும் நிற்கிறது. அதன் படத்தை முதன்முதலில் பார்த்தபொழுது, "ஐயோ பாவம், குடிசையில் வளர்ந்தவரா!" என்று நாங்கள் இரக்கப்பட்டோம். தாழ்வாரம்வரை இறங்கிய வைக்கோல் கூரையும், 'காட்டேஜ்' என்ற பெயரும் எங்களை ஏமாற்றிவிட்டன. உண்மையில் அது ஆடு மேய்த்துப் பயிரிட்டு வசதியுடன் வாழ்ந்த ஒரு விவசாயக் குடும்பத்தின் பண்ணை வீடு. பின்னாளில் கட்டிய பகுதிகளையும் சேர்த்தால் பன்னிரண்டு அறைகள்!

வீட்டின் பழைய பாகம் ஏறத்தாழ 1463-இல் எழுந்தது. அதைத் தாங்குவது சுவர் அன்று, மரம். வளைந்து வளர்ந்த ஓக் மரத்தை நெடுக இரண்டாகப் பிளந்தால் ஒரே வளைவுள்ள இரு துண்டுகள் கிடைக்கும் அல்லவா? அவற்றை எதிரெதிரே நிறுத்தி உச்சியில் இணைத்தார்கள். ஜெபத்தில் குவித்த இரு கைகளை நினைத்துக்கொள்ளுங்கள், அதே வடிவம்தான். கூரையின் பாரம் முழுவதும் இவற்றின் வழியே கீழே இறங்குகிறது. இணைப்புகளில் ஆணி இல்லை. துளையும் கழுந்தும் செதுக்கி, மர முளை அடித்து இறுக்கினார்கள். ஈரம் காயாத மரத்தையே பயன்படுத்தியதால், அது உலர உலரச் சற்றே முறுக்கிக்கொள்ளும். இத்தகைய வீடுகள் கோணலாகத் தோன்றுவதற்கு அதுவே காரணம். எங்களுக்கு அந்தக் கோணல்தான் அழகு!

மண்ணின் ஈரம் மரத்தை அரிக்காதிருக்கக் கீழே கல்லால் அடிச்சுவர் எழுப்பினார்கள். மரச் சட்டங்களின் இடைவெளியில் குச்சிகளைப் பின்னி, களிமண்ணையும் வைக்கோலையும் சாணத்தையும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசினார்கள். கூரை செங்குத்தாய்ச் சரிவதால் மழைநீர் தங்காமல் வழிந்தோடும். தடித்த வைக்கோல் குளிரையும் தடுக்கும்.

முதலில் வீட்டின் நடுக்கூடத்திற்கு மேல்தளம் கிடையாது. அடுப்புப் புகை கூரைவரை எழும்பிச் சுழலும். புகைபோக்கிகள் வந்த பிறகே மாடி அமைத்தார்கள். ஒரு புகைபோக்கியில் 1697 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது.

1892-இல் ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளை இவ்வீட்டை வாங்கியது. வைக்கோல் கூரைக்கு நெருப்புத்தானே பெரும் பகை? 1969-இல் அதுவும் நேர்ந்தது. வீடு பெரிதும் சேதமடைந்தபோதிலும், பழைய முறைப்படியே செப்பனிட்டு, கூரையை மீண்டும் வைக்கோலாலேயே வேய்ந்தார்கள்.