சட்டத்தைத் தமிழாக்கிய முன்சீப்

“சட்டம் எனக்குத் தெரியாது” என்று சொல்லி எவரும் தண்டனையிலிருந்து தப்ப முடியாது. அப்படியானால், அந்தச் சட்டம் நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டுமன்றோ?

மாயூரம் வேதநாயகம் பிள்ளையைப் பெண் கல்விக்காக எழுதியவர் என்றும், தமிழின் முதல் நாவலாசிரியர் என்றும் நாம் அறிவோம். 1826-ஆம் ஆண்டு திருச்சியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த இவர், திருச்சி கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, பின்னர் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாகப் பணியாற்றினார்.

அந்நாளில் சென்னை மாகாணத்தின் மேல் கோர்ட்டுக்குச் சதர் அதாலத் என்று பெயர். அதன் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. நிலத் தகராறுக்காக வந்து நிற்பவரோ கிராமத்து விவசாயி! தம்முடையது போன்ற வழக்கு முன்பு எப்படி முடிந்தது என்று அவர் எங்கே போய்ப் படிப்பார்? பிறர் சொல்வதை நம்பிப் பணத்தைக் கொடுக்க வேண்டியதுதான். வேதநாயகம் பிள்ளை 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழாக்கி, 1862-இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற நூலாக வெளியிட்டார். இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், சென்னை ஹைகோர்ட்டு தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் இதே கதைதான். அங்கே சட்டம் லத்தீனிலும் பிரெஞ்சிலும் இருந்தது. ஊர்ப்புறங்களில் திருட்டு, அடிதடி வழக்குகளை விசாரித்த நிலக்கிழார்கள் பலர் முறையாகச் சட்டம் பயின்றவர்கள் அல்லர். அவர்களுக்காக மைக்கேல் டால்டன் என்பவர் 1618-இல் ஆங்கிலத்திலேயே ஒரு கையேடு எழுதினார். 1632-இல் பெண்களைப் பற்றிய சட்டங்களை விளக்கும் நூல் ஒன்றும் லண்டனில் அச்சாயிற்று. கோர்ட்டு நடவடிக்கைகள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று பாராளுமன்றம் சட்டம் இயற்றியது 1730-இல். தமக்குப் புரியாத மொழியால் இத்தனை காலம் அல்லற்பட்டவர்கள், இங்கு வந்து நமக்கும் அதையே செய்தது வேடிக்கைதான்.

தமிழ் நீதிபதியின் முன்னே தமிழ் வக்கீல் ஆங்கிலத்தில் வாதாடுவதை, 1879-இல் வெளியான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ நாவலிலும் வேதநாயகம் பிள்ளை கண்டித்திருக்கிறார்.

இன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழிலும் கிடைக்கின்றன. ஆனால் நம் ஆதம்பாக்கத்துத் தெருக்களில் வாடகைப் பத்திரத்தை ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போடுவோர் எத்தனை பேர்! 2024 ஜூலை முதல் தண்டனைச் சட்டத்தின் பெயரும் ‘பாரதிய நியாய சன்ஹிதா’ என்று மாறியிருக்கிறது. இந்திய நீதித் தொகுப்பு என்பது அதன் பொருள். எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தோம். சொல்லத் தெரிந்தவர்கள் இருவர்.