கணிமை அறிவியல் பட்டம்: எந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது?

எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் முடிவுகள் வெளிவரும் காலத்தில் நம் வீடுகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மருத்துவம் கிடைக்காவிட்டால் கணினி. "கம்ப்யூட்டர் படித்தால் வேலை நிச்சயம்" என்று உறவினர் யாராவது சொல்லி விட்டால் போதும். அந்தச் சொல் ஒட்டியிருக்கும் படிப்பெல்லாம் விண்ணப்பப் பாரத்தில் இடம் பிடித்து விடுகிறது. இப்படிச் சேர்ந்த பிள்ளைகள் முதல் பருவத்திலேயே திகைத்து நிற்கும் படிப்புகளில் ஒன்று, கம்ப்யூட்டேஷனல் சயின்ஸ் எனப்படும் கணிமை அறிவியல்.

கணினி அறிவியல் வேறு, கணிமை அறிவியல் வேறு. முன்னது கணினியையும் மென்பொருளையும் பற்றிய படிப்பு. பின்னது, கணினியைக் கருவியாகக் கொண்டு இயற்கையை ஆராயும் படிப்பு. மழை, அலை, மருந்து மூலக்கூறு, பாலத்தின் வலிமை, நோய் பரவும் வேகம் ஆகியவற்றைச் சமன்பாடுகளாக எழுதி, அவற்றைக் கணினியிடம் கொடுத்து விடை காண்பதே இதன் வேலை.

நமக்கு நன்கு தெரிந்த ஓர் உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலை 9 மணிக்குச் சற்று முன் சுமத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. அலை பினாங்கைத் தொட்டபோது பிற்பகலாகி விட்டது. ஆழ்கடலில் விமான வேகத்தில் ஓடும் சுனாமி, மலாக்கா நீரிணையின் ஆழமில்லாத நீரில் காரின் வேகத்துக்கு இறங்கி விடுகிறது. ஆழம் தெரிந்தால் அலையின் வேகத்தைக் கணக்கிடலாம். வேகம் தெரிந்தால் அது கரை சேரும் நேரத்தைச் சொல்லலாம். கடலைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நீர்மட்டம் நொடிக்கு நொடி எப்படி மாறுகிறது என்று கணினி கணக்கிடும். அன்று நம் நாட்டில் 68 பேர் உயிரிழந்தனர். எச்சரிக்கை சொல்ல நேரம் இருந்தது. சொல்வதற்கான ஏற்பாடுதான் இல்லை. அதன் பின்னர் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறை ஆய்வாளர்கள் 'டுனா' என்ற சுனாமிக் கணிப்பு மாதிரியை உருவாக்கினர். அதை உருவாக்கியவர்கள் கணினித் துறையினர் அல்லர், கணிதத் துறையினர் என்பதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும்.

படிப்பைத் தேடும்போது தடுமாற்றம் ஏற்படுவதும் இங்கேதான். இதே பாடம் பல பெயர்களில் ஒளிந்திருக்கிறது. கோத்தா சமரஹானில் உள்ள மலேசிய சரவாக் பல்கலைக்கழகம், கணினி அறிவியல் பட்டத்துக்குள் கணிமை அறிவியலை ஒரு சிறப்புப் பிரிவாகவே நடத்தி வருகிறது. வேறு இடங்களில் இது பயன்பாட்டுக் கணிதம், இயற்பியல், பொறியியல் துறைகளுக்குள் இருக்கும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1990-களில் இதற்கென்றே தனித் துறை இருந்தது. இன்று அந்தத் துறை இல்லை, பாடங்கள் மற்றத் துறைகளுக்குள் பிரிந்து கிடக்கின்றன. அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்திலோ அறிவியல் கணிமைக்குத் தனித் துறையும் இளநிலைப் பட்டமும் உண்டு. எனவே பட்டத்தின் பெயரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். பாடப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

அந்தப் பட்டியலில் நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், புள்ளியியல், எண்முறைப் பகுப்பாய்வு ஆகியவை கட்டாயப் பாடங்களாக இருக்க வேண்டும். நிரலாக்கம் ஒரே பருவத்தோடு முடிந்து விடக்கூடாது. பல செயலிகளை ஒரே நேரத்தில் இயக்கும் இணைக் கணிமையும் இருந்தால் நல்லது. எண்முறைப் பகுப்பாய்வு விருப்பப் பாடமாக மட்டும் இருந்தால், அந்தப் பட்டத்தை இரண்டு முறை யோசிக்க வேண்டும். கணினி காட்டும் விடையில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதைச் சொல்லித் தருவது அந்தப் பாடம்தான்.

அந்தப் பிழையின் விலை சாதாரணமானதல்ல. 1991 ஆகஸ்ட் 23-ஆம் தேதி, நார்வேயில் 'ஸ்லைப்னர் ஏ' என்ற எண்ணெய் மேடையின் பிரம்மாண்டமான கான்கிரீட் அடித்தளம், சோதனைக்காக நீரில் தாழ்த்தப்பட்டபோது சுவர் வெடித்து மூழ்கிப் போனது. அதன் வடிவமைப்பைக் கணக்கிட்டதும் கணினிதான். ஆனால் சுவர்கள் சந்திக்கும் இடத்தில் கட்டங்கள் போதிய நுணுக்கமின்றிப் பிரிக்கப்பட்டதால், வெட்டு விசை 47 விழுக்காடு குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்தது. உயிர்ச்சேதம் இல்லை, இழப்போ சுமார் 70 கோடி அமெரிக்க டாலர். மென்பொருளை இயக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, அது தரும் எண்ணைச் சந்தேகிக்கவும் தெரிய வேண்டும். எந்தத் துறை இதைக் கற்றுத் தருகிறது என்பதே தேர்வுக்கு உண்மையான அளவுகோல். உலகத் தரவரிசைப் பட்டியல் முழுப் பல்கலைக்கழகத்தையும் சேர்த்து எடை போடுகிறது. இந்த ஒரு துறையைப் பற்றி அதில் அதிகம் தெரிந்துகொள்ள முடியாது.

நுழைவுத் தகுதியை முன்கூட்டியே பார்ப்பது அவசியம். படிவம் 6-இல் கணிதம் 'எம்' எடுத்தவர்களைவிட, அறிவியல் பிரிவுக்கான கணிதம் 'டி' எடுத்தவர்களுக்கு இங்கே வழி எளிது. எஸ்.பி.எம். கூடுதல் கணிதத்தில் தட்டுத் தடுமாறித் தேறிய பிள்ளையை இந்தப் படிப்பில் சேர்க்கும்படி வற்புறுத்துவது நியாயமல்ல.

அடுத்தது பணம். தனியார் கல்லூரி என்றால், அந்தக் குறிப்பிட்ட பட்டம் மலேசியத் தகுதி முகவையான எம்.கியூ.ஏ.-வின் பதிவேட்டில் உள்ளதா என்பதைக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே இணையத்தில் சரிபார்க்கலாம். கல்லூரியின் பெயர் பிரபலமாக இருப்பது வேறு, பட்டம் அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. பி.டி.பி.டி.என். உதவி என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் அது கடன்தான். படிப்பு முடிந்த பின் திருப்பிக் கட்ட வேண்டும். சிங்கப்பூரில் கல்விக் கட்டண மானியம் பெறும் மலேசிய மாணவர், பட்டம் பெற்ற பின் அங்குள்ள நிறுவனத்தில் 3 ஆண்டுகள் பணியாற்ற ஒப்பந்தம் செய்ய வேண்டியிருக்கும். வேலைக்கு உத்தரவாதம் என்று சிலர் அதை வரவேற்கிறார்கள். வயதான பெற்றோருக்கு ஒரே பிள்ளையாக இருப்பவர்கள் கையெழுத்திடும் முன் யோசிக்கத்தான் வேண்டும். சரவாக்கைத் தேர்ந்தெடுக்கும் தீபகற்ப மாணவர்கள், தீபாவளிக்கு வீடு திரும்பும் விமானக் கட்டணத்தையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பல்கலைக்கழகத் திறந்தவெளி நாளுக்குப் போகும்போது பளபளப்பான கையேட்டோடு திரும்பி வராமல், துறையின் விரிவுரையாளர் ஒருவரைத் தேடிச் சென்று பேசலாம். கடந்த ஆண்டு இறுதியாண்டு மாணவர்கள் என்னென்ன ஆய்வுத் திட்டங்கள் செய்தார்கள், அவற்றுக்கு எந்தக் கணினியைப் பயன்படுத்தினார்கள், தொழிற்பயிற்சிக்கு எங்கே போனார்கள் என்று கேட்கலாம். வானிலைத் துறை, எண்ணெய் நிறுவனம், காப்புறுதி, பினாங்கு மின்னணுத் தொழிற்சாலை என்று பதில் வந்தால் அங்கே பாடம் நடக்கிறது என்று பொருள். எல்லாரும் இணையப்பக்கம் வடிவமைக்கத்தான் போனார்கள் என்று பதில் வந்தால், அடுத்த மேசைக்கு நகர்ந்து விடலாம்.