புனேயின் டாக்டர் நடிகர்

1972 டிசம்பர் 16 அன்று புனேயின் பரத் நாட்டிய மந்திர் மேடையில் பேர் சொல்லும்படி அரங்கப் பொருள் எதுவும் இல்லை. வரிசையாகத் தோளோடு தோள் நின்று பாடிய நடிகர்கள்தான் சுவர், அவர்களே திரை. அந்த மனிதச் சுவர் விலகியதும் பேஷ்வா காலத்து மந்திரி நானா ஃபட்னவீஸ் வெளிப்பட்டார். விஜய் தெண்டுல்கரின் ‘காஷிராம் கோத்வால்’ முதன்முதலாக அரங்கேறிய மாலை அது. நானாவாக வந்த மோகன் ஆகாஷேவுக்கு அப்போது இருபத்தைந்து வயது.

ஆகாஷே படித்தது பி.ஜே. மருத்துவக் கல்லூரியில். நாடகத்தை இயக்கிய ஜப்பார் படேலும் அங்கே படித்து, தௌண்டில் குழந்தை மருத்துவராக இருந்தவர். ‘மகாநிர்வாண்’ எழுதிய சதீஷ் ஆளேகருக்கு அதே கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில் வேலை. இவர்களுக்கு முன்னோடியான ஸ்ரீராம் லாகூ காது மூக்கு தொண்டை நிபுணர், அவரும் பி.ஜே. மாணவர்தான். அன்றைய புனேயில் நல்ல நாடகம் பார்க்க ஆசைப்பட்டவர் டாக்டர்களைத்தான் தேடிப் போக வேண்டியிருந்தது!

இதில் கேலி பாதிதான். மாதச் சம்பளம் வேறிடத்தில் வந்ததால்தான் வசூலை மறந்து அவர்களால் நாடகம் போட முடிந்தது. நமக்கும் இது புதிதில்லை: பூர்ணம் விசுவநாதன் அகில இந்திய வானொலியில் செய்தி வாசித்துக்கொண்டே மேடைக்கும் சினிமாவுக்கும் வந்தவர். ‘காஷிராம்’ பிராமணர்களை இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்பு கிளம்பியபோது, தயாரித்த சங்கமே பத்தொன்பது காட்சிகளோடு அதை நிறுத்திக்கொண்டது. நடிகர்கள் வெளியேறி 1973இல் தியேட்டர் அகாடமியைத் தொடங்கினார்கள். நாடகத்தையே நம்பிச் சோறு தின்றவர்கள் அந்த முடிவை அவ்வளவு எளிதாக எடுத்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். லாகூ மட்டும் 1969இல் தொழிலை விட்டு முழுநேர நடிகரானார். அடுத்த ஆண்டே அவர் நடித்த ‘நடசாம்ராட்’ நாடகம் வந்தது.

ஆகாஷே மருத்துவத்தை விடவில்லை. மனநல மருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிக்கொண்டே ஷியாம் பெனகலின் ‘நிஷாந்த்’, சத்யஜித் ராயின் ‘சத்கதி’ போன்ற படங்களில் நடித்தார். ‘சத்கதி’யில் அவர் ஏற்ற புரோகிதர் வேடத்தின் பெயரும் காசிராம் என்று அமைந்தது தற்செயல். 1980இல் ‘காஷிராம்’ ஐரோப்பா போனது. ஜெர்மனியோடு அவருக்கு ஏற்பட்ட உறவின் நல்ல பலன் 1986இல் கிடைத்தது: பெர்லினின் கிரிப்ஸ் நாடகக் குழுவின் பாணி புனேக்கு வந்தது. ராஜாவும் தேவதையும் இல்லாத சிறுவர் நாடகம் அது. பெரியவர்களே குழந்தைகளாக நடிப்பார்கள். வீட்டில் நடக்கும் சண்டை, அதிகாரம், பயம் எல்லாம் மேடைக்கு வரும். ஸ்ரீரங்க் கோட்போலே போன்றவர்கள் அதை மராத்தியாக்கினார்கள். குழந்தைகளின் மனதை அறிந்த ஒரு மருத்துவரை இந்த நாடக முறை ஈர்த்ததில் வியப்பில்லை.

அன்று காலையில் மருத்துவமனை, மாலையில் ஒத்திகை என்று இரண்டு வாழ்க்கை. பிற்காலத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. சுமித்ரா பாவே–சுனில் சுக்தன்கர் இயக்கிய ‘அஸ்து’வில் நினைவு மங்கிப்போகும் சமஸ்கிருத அறிஞராக ஆகாஷே நடித்தார். அதே இருவர் மனச்சோர்வைப் பற்றி எடுத்த ‘காசவ்’ அவரும் சேர்ந்து தயாரித்த படம். 2016க்கான சிறந்த திரைப்படத் தேசிய விருது அதற்குக் கிடைத்தது. இப்படிப்பட்ட படங்களைத் திரையிட்டு, முடிந்ததும் பார்வையாளர்களோடு உட்கார்ந்து மனநோய் பற்றிப் பேசுவதை அவர் ஒரு வேலையாகவே செய்துவருகிறார். மருந்துச் சீட்டு எட்டாத இடத்துக்குக் கதை எட்டும் என்ற நம்பிக்கை.

இன்றைய புனே இளைஞர்களும் புருஷோத்தம் கரண்டக் ஓரங்கப் போட்டியிலிருந்துதான் மேடையேறுகிறார்கள். ஆனால் அடுத்த படி மருத்துவமனையோ வங்கியோ அல்ல. தொலைக்காட்சித் தொடர், வெப் சீரிஸ், யூடியூப். நடிப்பே சோறு போடுகிறது, அது நல்லதுதான். அதற்கு விலையும் உண்டு. மருத்துவமனை மாலையில் ஆளை விட்டுவிடும், படப்பிடிப்பு விடாது. ஒரு சுவராக நிற்க அத்தனை நடிகர்களின் கால்ஷீட்டை ஒரே மாலையில் பிடிப்பதுதான் இன்று ‘காஷிராம்’ போட நினைப்பவருக்கு முதல் தலைவலி.