பழைய டிராக்டரில் வந்து வந்து போகும் மின் கோளாறு

பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்த டிராக்டரை விலைக்கு வாங்கி வைத்துச் சொந்த நிலத்தையும் உழுது, வாடகைக்கும் ஓட்டும் சிறு விவசாயிகள் பலர். இத்தகைய வண்டிகளில் இன்ஜின், கியர், ஹைட்ராலிக் ஆகியவை நல்ல நிலையில் இருந்தாலும் ஒயரிங் மட்டும் தொல்லை கொடுப்பது சகஜம். சாவியைத் திருப்பினால் ஒரு நாள் உடனே கிளம்பும். மறுநாள் 'டக்' என்று ஓர் ஒலி வரும், அதோடு சரி. சிறிது நேரம் கழித்துத் திருப்பினால் ஒன்றும் நடவாதது போல் மீண்டும் கிளம்பிவிடும்.

இத்தகைய கோளாறில்தான் விவசாயி அதிகப் பணத்தை இழக்கிறார். வண்டியை நகரத்துக்கு ஓட்டிச் சென்றால் அங்கே செல்ஃப் ஒழுங்காக எடுக்கிறது. இல்லாத கோளாறை எலக்ட்ரீசியன் எப்படிக் கண்டுபிடிப்பார்? பேட்டரி பழையது, மாற்றிவிடலாம் என்கிறார். புது பேட்டரி பொருத்தும்போது கேபிளின் முனைகளைக் கழற்றிச் சுரண்டி இறுக்கிப் பூட்டுகிறார்கள். கோளாறு மறைகிறது. பேட்டரியால்தான் சரியாயிற்று என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். உண்மையில் சரிசெய்தது அந்தச் சுரண்டல்தான். சில மாதங்களில் முனையில் மீண்டும் உப்புப் பூத்ததும் பழைய கதை தொடங்கும். அடுத்து செல்ஃப் மோட்டார் கழற்றப்படும்.

கெட்டுப்போன பாகம் பெரும்பாலும் தானாகத் திரும்ப நல்லதாவதில்லை. கோளாறு வந்து வந்து போகிறது என்றால், ஏதோ ஓர் இணைப்பு தொட்டும் தொடாமலும் இருக்கிறது என்றே முதலில் கொள்ள வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு. அவை பின்னர் கூறப்படும். எனவே பாகத்தை மாற்றுவதற்கு முன் இணைப்புகளைச் சோதிப்பதே முறை. அதையும் கோளாறு இருக்கும் வேளையிலேயே, வண்டி நின்ற இடத்திலேயே செய்தாக வேண்டும். இதை விவசாயி தாமே செய்ய முடியும்.

விளக்கு எரிகிறதே, செல்ஃப் ஏன் எடுக்கவில்லை?

விளக்கு பளிச்சென்று எரிவதால் பேட்டரி இணைப்பில் குறையில்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இது தவறு. ஒரு 21 வாட் விளக்கு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 1.75 ஆம்பியர் மின்சாரத்தைத்தான் எடுக்கிறது. டீசல் இன்ஜினைச் சுற்றும் செல்ஃப் மோட்டாரோ 300 ஆம்பியர் அளவுக்கு இழுக்கக் கூடியது. பேட்டரி முனையில் பூத்த உப்பினால் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை ஏற்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். விளக்குக்குப் போகும் வழியில் இந்தத் தடையால் குறைவது 0.02 வோல்ட்டுக்கும் கீழே. கண்ணுக்குத் தெரியாது. செல்ஃப் இழுக்கும்போது அதே இடத்தில் 3 வோல்ட் குறைந்துவிடும். மோட்டார் திணறும், அல்லது அசையாது.

ஆனால் அதே விளக்கை வேறு விதமாகப் பயன்படுத்தினால் நல்ல துப்புக் கிடைக்கும். முன் விளக்கைப் போட்டுவிட்டு, ஒருவர் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றொருவர் இருக்கையில் அமர்ந்து செல்ஃப் சுவிட்சை இயக்க வேண்டும். விளக்கு அடியோடு அணைந்துவிட்டால் பேட்டரி முனைகள், எர்த் கேபிள், மெயின் கேபிள் ஆகியவற்றில் ஒன்று தொடவில்லை. விளக்கு மெல்ல மங்கி, இன்ஜினும் மெதுவாகச் சுற்றினால் பேட்டரியில் சார்ஜ் குறைவு, அல்லது மோட்டாரே உள்ளே பிடிக்கிறது. 'டகடக' என்று தொடர் ஒலி வந்தாலும் பேட்டரியையும் அதன் முனைகளையும் பார்க்க வேண்டும். விளக்கு சிறிதும் மாறாமல், ஒலியும் வராமல் இருந்தால் மின்சாரம் சோலினாய்டுக்கே போகவில்லை. சாவி சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், அவற்றிலிருந்து வரும் சிறிய ஒயர் ஆகியவற்றைத் தேட வேண்டும். விளக்கு மாறாமல் ஒரே ஒரு 'டக்' மட்டும் வந்தால் சோலினாய்டின் உள்தகடோ மோட்டாரின் கார்பனோ தேய்ந்திருக்கலாம். அப்போதுதான் மோட்டாரைக் கழற்றுவதில் அர்த்தமுண்டு.

மீட்டர் சொல்லும் செய்தி

சாதாரண மல்டிமீட்டர் இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு பேட்டரியின் விலையோடு ஒப்பிட்டால் இது அற்பம். இரவு முழுவதும் ஓய்வில் இருந்த பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டினால் முழுச் சார்ஜ் உள்ளது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12.0 அல்லது அதற்கும் கீழே என்றால் முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்ற சோதனைகளைத் தொடங்க வேண்டும்.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். கை பிரேக் போட்டிருக்க வேண்டும். டீசலை நிறுத்தும் கம்பியை இழுத்து வைத்துக்கொண்டால் இன்ஜின் கிளம்பாது. இந்நிலையில் ஒருவர் இருக்கையில் அமர்ந்து செல்ஃபை ஐந்து விநாடி இயக்க, மற்றவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். முதலில் பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே அளக்கலாம். 9.6 வோல்ட்டுக்குக் குறையாமல் நின்றால் பேட்டரி பெரும்பாலும் குற்றமற்றது. பிறகு மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் குமிழிலும், மற்றொன்றை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டிலும் வைக்க வேண்டும். கேபிளின் கிளாம்பில் வைக்கக் கூடாது, ஈயத்திலேயே வைக்க வேண்டும். ஏனெனில் கோளாறு அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒளிந்திருக்கும். செல்ஃப் சுற்றும்போது இங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் கெட்ட இணைப்பு உள்ளது. அதேபோல் நெகட்டிவ் குமிழுக்கும் இன்ஜின் உடம்புக்கும் இடையே அளந்தால் 0.3 வோல்ட்டுக்கு மேல் இருக்கலாகாது. மிகுதியாகக் காட்டும் வழியைப் பாதியாகப் பிரித்து மறுபடி அளந்தால், எந்த போல்ட், எந்தக் கிளாம்ப் என்று நாலைந்து அளவில் தெரிந்துவிடும். ஒவ்வொரு முறைக்கும் நடுவே செல்ஃபுக்கு அரை நிமிடமாவது ஓய்வு கொடுக்க வேண்டும்.

மீட்டரை நம்பும்போது ஓர் எச்சரிக்கை தேவை. மீட்டர் மின்சாரத்தை எடுப்பதே இல்லை எனலாம். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒரே இழையில் தொங்கும் ஒயரிலும் அது 12 வோல்ட் காட்டும். ஆகவே 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றுக்கு இரண்டு நீள ஒயர் வைத்துச் சோதனை விளக்காக வைத்துக்கொள்வது நலம். ஒயரின் முனையில் அது முழு வெளிச்சத்தோடு எரிந்தால் ஒயர் நல்லது. மங்கினால் ஒயரில் குறை. மின்னணுக் கட்டுப்பாடு உள்ள புதிய டிராக்டர்களில் மட்டும் இந்த விளக்கைக் கொண்டு சோதிக்கக் கூடாது.

எர்த்தும் டிரெய்லரும்

வந்து போகும் கோளாறுகளில் பெரும் பங்கு எர்த் இணைப்பைச் சேர்ந்தது. பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் வண்டியின் உடம்பில் பூட்டப்படும் இடத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. பெயின்ட் அடிக்கும்போது அந்த போல்ட்டின் அடியிலும் பெயின்ட் போய்விடுகிறது. தொழி உழவில் சேறும் நீரும் அங்கே தங்குகின்றன. யூரியா, பொட்டாஷ் மூட்டை ஏற்றும் வண்டிகளிலும் கடலோர ஊர்களிலும் துரு விரைவில் பிடிக்கும். அந்த போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை எமரித் தாளால் தேய்த்து, பல் வாஷர் வைத்து இறுக்கினால் பல வண்டிகளின் நோய் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

டிரெய்லரின் பின் விளக்கு விட்டு விட்டு எரிவதற்கும் இதுவே காரணம். பாசிட்டிவ் மட்டும் ஒயரில் போகிறது; திரும்பி வரும் வழி கொக்கியும் அதன் பின்னும்தான். கிரீஸும் துருவும் படிந்த பின்னில் வண்டி குலுங்கும்போதெல்லாம் தொடர்பு விட்டுப் போகிறது. நின்ற இடத்தில் பார்த்தால் விளக்கு நன்றாகத்தான் எரியும். இரவில் கரும்பு ஏற்றிச் சாலையில் போகும்போது பின்னால் இருட்டாக இருப்பது ஓட்டுகிறவருக்குத் தெரிவதில்லை. பின்னால் வரும் லாரிக்காரர் கண்டுகொள்ளும்போது நேரம் கடந்துவிடுகிறது. டிரெய்லரின் சட்டத்திலிருந்து டிராக்டர் உடம்புக்குத் தனியாக ஓர் எர்த் ஒயர் இழுத்துவிட வேண்டும். சில மீட்டர் ஒயர்தான் செலவு. அதோடு சிவப்புப் பிரதிபலிப்பு ஸ்டிக்கரும் ஒட்டிவிடலாம்; அதற்கு எந்த ஒயரும் வேண்டாம்.

சூட்டில் வரும் கோளாறு, குலுக்கலில் வரும் கோளாறு

கோளாறு எப்போது வருகிறது என்பதை ஒரு நோட்டில் குறித்து வருவது பெரிய உதவி. காலை ஈரத்திலா, மதியம் வண்டி சூடான பிறகா, வரப்பு ஏறி இறங்கிய பின்னா, விளக்கு போட்டபோதா? இந்தக் குறிப்பை எலக்ட்ரீசியனிடம் காட்டினால் அவருடைய வேலை பாதியாகக் குறையும்.

நாள் முழுதும் உழுது நிறுத்திய உடனே எடுக்காமல், ஒரு மணி நேரம் ஆறிய பின் எடுக்கிறதென்றால் சோலினாய்டைச் சந்தேகிக்கலாம். செப்புக் கம்பிச் சுருளின் தடை சூட்டில் கூடும். 30 டிகிரியிலிருந்து 90 டிகிரி சென்டிகிரேடுக்கு ஏறினால் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அதிகமாகும். அந்த அளவுக்கு அதன் இழுவிசை தளர்ந்துவிடுகிறது. முன்னர் கூறிய விதிவிலக்குகளில் இது ஒன்று. தேய்ந்த கார்பன் மற்றொன்று. மோட்டாரை லேசாகத் தட்டினால் எடுக்கிறது என்றால் கார்பன் மாற்றும் காலம் வந்துவிட்டது.

குலுக்கலில் வருவது ஒயர் அறுந்த கோளாறு. விளக்கையோ சோதனை விளக்கையோ எரியவிட்டு, ஒயர் கட்டை ஒரு முனையிலிருந்து ஒரு சாண் ஒரு சாணாக வளைத்தும் அசைத்தும் கொண்டே போக வேண்டும். எங்கே விளக்குக் கண் சிமிட்டுகிறதோ அங்கே நிறுத்தலாம். ஸ்டியரிங் அடியிலும், இரும்பு ஓரத்தில் ஒயர் உராயும் இடத்திலும், எலி கடிக்கக் கூடிய பேட்டரிப் பெட்டியின் பக்கத்திலும்தான் பெரும்பாலும் அகப்படும். முறுக்கி டேப் சுற்றிய பழைய ஒட்டுகளை நம்பக் கூடாது. டேப் நீரைத் தடுப்பதில்லை. உள்ளே போன நீரை வெளியே விடாமல் காப்பாற்றுகிறது. அவற்றைப் பிரித்தால் செம்பு பச்சைக் களிம்பேறி இருக்கும். நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, லக் போட்டு நசுக்கியோ ஈயப்பற்று வைத்தோ இணைத்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாயைப் போட வேண்டும்.

ஃபியூஸ் முனைகளிலும் களிம்பு பிடிக்கும். ஃபியூஸைக் கையால் திருகிவிட்டதும் விளக்கு எரிகிறதென்றால் பிடிப்பானைத் தேய்த்துச் சுத்தம் செய்தாலே போதும். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைக்கும் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். ஒயர் கருகும்போது வைக்கோல் ஏற்றிய டிரெய்லர் பின்னால் இருக்கக் கூடும்.

முனைகளைச் சுத்தம் செய்தல்

கழற்றும்போது நெகட்டிவை முதலிலும், பூட்டும்போது நெகட்டிவைக் கடைசியிலும் கையாள வேண்டும். ஸ்பேனர் வண்டியின் உடம்பில் பட்டாலும் தீப்பொறி வராது. ஒரு தம்ளர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா கலந்து உப்பின் மேல் ஊற்றினால் நுரைத்துக் கரையும். அறை மூடிகள் இறுக மூடியிருக்க வேண்டும். சோடா உள்ளே போனால் பேட்டரி கெடும். துடைத்து, சுரண்டி, இறுக்கிய பிறகு வாசலைன் தடவ வேண்டும். பேட்டரியில் எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு உண்டாவதால் பீடி, தீக்குச்சி அருகில் கூடாது. அறைகளில் டிஸ்டில்ட் வாட்டர் தவிர, போர் தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஊற்றக் கூடாது.

பேட்டரி நல்லதாக இருந்தும் அடிக்கடி இறங்கினால் சார்ஜிங்கைப் பார்க்க வேண்டும். இன்ஜின் நடு வேகத்தில் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருப்பது சரி. குறைந்தால் முதலில் ஃபேன் பெல்ட். விரலால் அழுத்தினால் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தொய்யக் கூடாது. ஓடும் இன்ஜினில் பேட்டரி ஒயரைக் கழற்றி 'சார்ஜ் வருகிறதா' என்று பார்க்கும் வழக்கம் டைனமோ காலத்தில் வந்தது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் டயோடுகள் போய்விடும்.

ஸ்குரூ டிரைவர் ஸ்டார்ட்

இனிச் சொல்வது செலவைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது. செல்ஃப் எடுக்காதபோது கீழே நின்றுகொண்டு மோட்டாரின் இரு போல்ட்டுகளையும் ஸ்குரூ டிரைவரால் தொட்டு வண்டியைக் கிளப்புவது பல ஊர்களிலும் காணும் காட்சி. இப்படிச் செய்யும்போது சாவிக்கும் நியூட்ரல் சுவிட்சுக்கும் வேலை இல்லாமல் போகிறது. வண்டி கியரில் இருந்தால் கிளம்பிய கணமே நகரும். ஆள் நிற்பதோ பின் சக்கரத்துக்கு நேர் முன்னால். விலகுவதற்கு ஒரு நொடி கூடக் கிடைக்காது.

நியூட்ரல் சுவிட்ச் சேற்றால் ஒட்டிக்கொள்வதும் வந்து போகும் கோளாறுதான். அதைச் சுத்தம் செய்வதற்குப் பதிலாக இரு ஒயர்களையும் சேர்த்து முறுக்கிவிட்டுப் போகும் மெக்கானிக்குகள் உண்டு. பழைய வண்டி வாங்குவோர், நின்ற இன்ஜினில் டீசல் கம்பியை இழுத்து வைத்து, பிரேக்கையும் கிளட்சையும் மிதித்துக் கியரில் போட்டு, சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வண்டிக்கு ஏற்ப இந்தச் சுவிட்ச் கியரிலோ கிளட்சிலோ இருக்கும். கியர் சுவிட்ச் உள்ள வண்டியில் அந்நிலையில் செல்ஃப் எடுத்தால் சுவிட்ச் துண்டிக்கப்பட்டிருக்கிறது. கிளட்ச் சுவிட்ச் உள்ள வண்டியை நியூட்ரலில் வைத்து, கிளட்சை மிதிக்காமல் திருப்பிப் பார்க்க வேண்டும், எடுக்கக் கூடாது. புது சுவிட்ச் போட்ட பிறகே அந்த வண்டியை வயலில் இறக்கலாம்.

வயலில் ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றுவிட்டால் ஒயரிங்கைக் குடைய வேண்டியதில்லை. சாதாரண டீசல் பம்பும் இழுத்து நிறுத்தும் கம்பியும் உள்ள பழைய டிராக்டர் ஓடுவதற்கு மின்சாரமே தேவையில்லை. அங்கே டீசலையும், ஃபில்டரையும், காற்றுப் பூட்டையும் பார்க்க வேண்டும். கலப்பையிலோ டிராக்டரிலோ வெல்டிங் வைக்கும்போது மட்டும் பேட்டரியின் இரு கேபிள்களையும் ஆல்டர்னேட்டரின் ஒயரையும் கழற்றிவிட்டு, வெல்டிங் எர்த்தை வைக்கும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே கவ்வ வைக்க வேண்டும்.