கொழுத்த எலியும் பரம்பரையலகும்

நிறைகுறைந்த பிள்ளைகளையே நெடுங்காலம் கண்டு கவலையுற்ற ஹட்டன், நுவரெலியாத் தோட்டப்புறங்களில், உடற்பருமன் பற்றிய ஆராய்ச்சி அயலார் விடயமாகத் தோன்றலாம். ஆயினும் அவ்வாராய்ச்சியின் ஒரு கிளை இம்மலைநாட்டை ஒத்த தேயிலை மலையொன்றிலேயே வேரூன்றியது.

நீலகிரியிலுள்ள குன்னூரில் 1918ஆம் ஆண்டு ரொபர்ட் மக்கரிசன் என்னும் மருத்துவர் உணவாராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்களும் உண்ணும் உணவுகளை அவர் எலிகளுக்கு வெவ்வேறாக ஊட்டினார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி ஆகியவை அடங்கிய சீக்கியர் உணவை உண்டவை செழித்தன. சோற்றையே பெரிதும் நம்பிய சென்னை மக்களின் உணவை உண்டவை நலிந்தன. சோறுண்ணும் நமக்கு அம்முடிவு சற்றே கசப்பானதுதான். உணவு உடலை ஆக்கும் என்பது அதனாற் புலனாயிற்று.

அவ்வாராய்ச்சி நிலையம் 1958இல் ஐதராபாத்திற்கு மாறியது. அங்கே தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்ட விஸ்டர் வெள்ளெலிகளிடையே, 1990களில், ஏனையவற்றோடு ஒரே தீனியில் வளர்ந்தும் சில மாத்திரம் மிகப் பருத்தமை காணப்பட்டது. தீனி ஒன்றாயின் வேறுபாடு எங்கிருந்து வந்தது?

இதற்கு விடைகாணும் வழியைச் சுண்டெலிகள் முன்னரே காட்டியிருந்தன. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுகூடத்தில் 1949இல் பருத்த சுண்டெலிகள் சில தோன்றின. அவற்றின் பெற்றோர் பருமனற்றவை. குட்டிகளில் ஏறத்தாழ நாலிலொன்றே பருத்தது. மெண்டலின் விதியைக் கற்றவர், பின்னிடைவான பரம்பரையலகொன்று தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்து கூடியதென எளிதில் உணர்வர். பின்னர் பருமனோடு நீரிழிவும் உடைய வேறொரு வகையும் அங்கே கிடைத்தது.

டக்ளஸ் கோல்மன் என்பார் இச்சுண்டெலிகளை இரண்டிரண்டாக, குருதி கலக்குமாறு, உடலோடு உடல் பொருத்தினார். முதல் வகை, சாதாரண சுண்டெலியோடு பொருத்தப்பட்டபோது குறைவாக உண்டு மெலிந்தது. நீரிழிவு வகையோடு பொருத்தப்பட்டபோதோ உண்ணாமலே மடிந்தது. அதன் துணை பருத்தபடியே இருந்தது. கொடிய பரிசோதனைதான். எனினும் உண்மை வெளிப்பட்டது: ஒன்றிடம் 'போதும்' என்னும் செய்தி இல்லை, மற்றதிடம் செய்தி நிரம்ப உண்டு, கேட்கும் செவி இல்லை. அச்செய்தி கொழுப்புக் கலங்களிற் பிறக்கும் ஓமோன் என்பதை 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் கண்டு, அதனை லெப்டின் என்றனர். ஐதராபாத் எலியின் குருதியில் லெப்டின் மிகுதியாகவே உள்ளது. ஆகவே அது செவியற்ற வகையை ஒத்தது.

இங்கிலாந்தில் வாழ்ந்த, பாக்கிஸ்தானிய வழிவந்த உறவினரான இரு பிள்ளைகளிடம் லெப்டின் இன்மை 1997இல் கண்டறியப்பட்டது. அவர்களின் அடங்காப் பசி வளர்ப்பின் குறையன்று, மனவுறுதியின் குறையுமன்று. லெப்டின் ஊசிமூலம் பெற்ற ஒன்பது வயதுச் சிறுமி தானாகவே உணவைக் குறைத்து, ஓராண்டில் ஏறத்தாழ 16 கிலோகிராம் இழந்தாள்.

இத்தகையோர் மிகச் சிலரே. பருத்தவர் பெரும்பாலாரிடம் லெப்டின் குறைவன்று, மிகுதி. ஊசியால் அவர்க்குப் பயன் சிறிது. சிறுசிறு வலிமையுடைய பல பரம்பரையலகுகளும் உணவும் ஒருங்கே அவர்களிடம் தொழிற்படுகின்றன.