ரிங்கு சிங் (பேஸ்பால் வீரர்)

ரிங்கு சிங் (பிறப்பு: ஆகஸ்ட் 8, 1988) அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஆடிய முதல் இந்தியர்களில் ஒருவர். இடக்கைப் பந்தெறிவாளர். உத்தரப் பிரதேசத்தின் பதோகி மாவட்டத்தைச் சேர்ந்தவர். கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அணிக்காக ஆடிவரும் அலிகர் கிரிக்கெட் வீரர் ரிங்கு சிங் வேறொருவர்.

பின்னணி

இவரது தந்தை லாரி ஓட்டுநர். பள்ளி நாட்களில் ஈட்டி எறிதலில் தேர்ந்தவர். 2008இல் இந்தியாவில் நடந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற தொலைக்காட்சிப் போட்டியில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை முந்தி வென்றார். மணிக்கு 87 மைல் (சுமார் 140 கி.மீ.) வேகத்தில் அவர் எறிந்த பந்து ஒரு லட்சம் டாலர் பரிசைப் பெற்றுத் தந்தது. வாரணாசியைச் சேர்ந்த தினேஷ் படேல் இரண்டாமிடம் பெற்றார். அதற்கு முன் இருவருமே பேஸ்பால் ஆடியதில்லை.

லாஸ் ஏஞ்சலிஸில் டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளரிடம் சில மாதங்கள் பயின்றபின், 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. டிஸ்னி 2014இல் வெளியிட்ட, ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த திரைப்படம் ஏறத்தாழ இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. உண்மையில் கடினமான பகுதி இதற்குப் பிறகுதான் தொடங்கியது.

மைனர் லீக் ஆண்டுகள்

அமெரிக்காவில் ஒப்பந்தமாகும் இளைஞர் நேராகப் பெரிய அணியில் ஆடிவிட முடியாது. அப்போதைய அமைப்பில் புதுமுக நிலை, குறும்பருவ ஏ, ஏ, உயர் ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ எனப் படிப்படியாக ஏற வேண்டும். பெரும்பாலோர் பாதியிலேயே நின்றுவிடுவார்கள்.

ரிங்குவிடம் வேகம் இருந்தது, ஆட்டம் இல்லை. ஈட்டி எறிபவர் ஓடிவந்து, ஒருமுறை முழு வலிமையையும் செலுத்துகிறார். பேஸ்பாலில் மேட்டின் மீது நின்ற இடத்திலிருந்து 18.44 மீட்டர் தொலைவில் உள்ள, 43 செ.மீ. அகலமே கொண்ட தட்டின் மேலாகப் பந்தைச் செலுத்த வேண்டும். அதையும் ஒரே நாளில் பலமுறை, ஒரே அசைவில் செய்ய வேண்டும். முழங்கையை மடக்கி எறிவதால் கிரிக்கெட் பந்துவீச்சும் இதற்கு அதிகம் உதவாது. கள வீரர் எல்லைக்கோட்டிலிருந்து விக்கெட் கீப்பருக்கு எறிவதே ஓரளவு ஒத்தது. இவற்றோடு, ஓட்டக்காரர் தளத்தில் நிற்கும்போது என்ன செய்வது என்பது போன்றவற்றை மற்றவர்கள் ஆறு வயதில் கற்றிருப்பார்கள். ரிங்கு இருபது வயதில், ஆங்கிலத்தோடு சேர்த்துக் கற்றார்.

2009 ஜூலை 4 அன்று புளோரிடாவில் புதுமுக நிலையில் களமிறங்கினார். அதே மாதம் முதல் வெற்றியும் கிடைத்தது. ஆனால் அந்தப் பருவத்தில் ஒன்பது இன்னிங்சுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 5.84. இது தேறாத எண். தினேஷின் எண்கள் அவ்வாண்டு இவருடையதைவிட நன்றாக இருந்தன. ஆயினும் அடுத்த பருவத்தில் தினேஷ் தடுமாறினார். 2010 இறுதியில் அணி அவரை விடுவித்தது. முதல் ஆண்டின் எண்களை மட்டும் பார்த்திருந்தால் யார் நிலைப்பார் என்பதைத் தவறாகவே கணித்திருக்க நேரும்.

ரிங்கு மெல்ல ஏறினார். குளிர்காலத்தில் ஆஸ்திரேலிய லீக்கில் கான்பெரா அணிக்கும் ஆடினார். 2012இல் ஏ நிலையில் வெஸ்ட் வர்ஜீனியா பவர் அணியில் மாற்றுப் பந்தெறிவாளராக 72 இன்னிங்ஸ் எறிந்து 65 பேரை 'ஸ்ட்ரைக் அவுட்' முறையில் ஆட்டமிழக்கச் செய்தார். சராசரி 3.00 ஆகக் குறைந்தது. அடுத்த படிக்கு அவரை அனுப்பலாம் என்று சொல்லக்கூடிய பருவம் அது.

காயம்

அந்தப் படி வரவில்லை. கையில் ஏற்பட்ட காயத்தால் 2013 பருவம் முழுவதையும் இழந்தார். பின்னர் 'டாமி ஜான்' எனப்படும் முழங்கை அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. கிழிந்த தசைநாருக்குப் பதிலாக உடலின் வேறிடத்திலிருந்து எடுத்த நாணைப் பொருத்தும் முறை இது. திரும்ப எறிவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். இருபத்தைந்து வயதில் இன்னும் கீழ்நிலையிலேயே இருந்தவருக்கு அந்த ஓராண்டு பெரிய இழப்பு. 2012க்குப் பிறகு அவர் மைனர் லீக் ஆட்டம் எதிலும் எறியவில்லை.

2018 ஜனவரியில் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்த நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு 'வீர் மகான்' என்ற பெயரில் அறியப்பட்டார்.