வீட்டு வரியும் அரசாங்கக் கடனும்

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசாங்கம் தன் நிதிநிலை குறித்து வெள்ளை அறிக்கை ஒன்றை வெளியிட்டது. குடும்பம் ஒன்றுக்கு ரூ.2,63,976 பொதுக்கடன் என்று அதில் கண்ட கணக்கு கிராமங்கள் வரை பரவிற்று. "அரசாங்கத்தின் கடனை அடைக்கவா எங்கள் வீட்டுக்கு வரி?" என்று ஊராட்சிச் செயலரைக் கேட்போர் இன்றும் உளர். மொத்தக் கடனைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்து வந்த சராசரியே அத்தொகை. அதைக் கட்டச் சொல்லி எவர் வீட்டிற்கும் கேட்பறிக்கை வராது.

1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி விதிக்கப்படும் வீட்டு வரி, ஊராட்சியின் சொந்த வருவாய். அது மாநிலத்தின் பொது வரவில் சேர்வதில்லை. அதனுடன் ரூபாய்க்கு 10 காசு வீதம் வசூலாகும் நூலக வரி மட்டும் நூலகத் துறைக்குச் செல்கிறது. (அதைச் செலுத்துவோரில் எத்தனை பேர் ஊர் நூலகத்தின் படியேறினர் என்பது வேறு விஷயம்.) மாநிலக் கடனுக்கு வட்டி கட்டுவது, நாம் கடையில் வாங்கும் சோப்பிலும் பத்திரப் பதிவிலும் செலுத்தும் வரியிலிருந்தே.

பள்ளிக்கூடத்தின் கதை சற்றுச் சிக்கலானது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொடக்கப் பள்ளிகளை ஊராட்சி ஒன்றியங்கள் நடத்தி வந்தன. 1981 ஜூன் முதல் அவற்றின் ஆசிரியர்கள் அரசாங்க ஊழியராயினர். பெயர்ப்பலகையில் ஒன்றியத்தின் பெயர் நிலைத்தது. கட்டடப் பராமரிப்பும் ஒன்றியத்திடமே நின்றது. சம்பளம் மாநில வரவிலிருந்து வருகிறது. இங்கேதான் கடன் பள்ளியைத் தொடுகிறது. அரசியல் சட்டத்தின் 202-ஆவது பிரிவின்படி, கடனுக்கான வட்டி சட்டமன்றத்தின் வாக்குக்கு உட்படாத செலவாகும். அதைக் குறைக்க வழியில்லை. ஆசிரியர் சம்பளத்தையும் நிறுத்த இயலாது. ஆகவே நெருக்கடி வரும்போது தள்ளிப்போவன புதிய வகுப்பறையும், ஒழுகும் கூரையின் பழுதும், காலிப் பணியிடமுமே.

கடன் வாங்குவதே குற்றமென்பது நம் கருத்தன்று. கிணறு வெட்டக் கடன் வாங்கும் விவசாயி விளைச்சலிலிருந்து அதைத் தீர்ப்பார். அன்றாடச் சோற்றுக்கு வாங்கினால் தீர்ப்பது கடினம். 2013-14 முதல் மாநிலத்தில் வருவாய்ப் பற்றாக்குறை தொடர்ந்ததால், கடனில் ஒரு பகுதி இரண்டாம் வகையாகவே செலவாயிற்று.

நானூறு வீடுகளுள்ள ஊரில் வீட்டுக்கு ஆண்டுக்கு 150 ரூபாய் எனக் கொள்வோம். 60,000 ரூபாய் சேரும். ஓர் ஆசிரியரின் ஓராண்டுச் சம்பளத்திற்கு அது எம்மட்டும் போதாது. ஆயினும் பள்ளிக்குக் குடிநீர்க் குழாய் இழுக்கவும், சுற்றுப்புறம் துப்புரவாக இருக்கவும் உதவும். அதைக் கட்டாமல் நிறுத்தினால் மாநிலக் கடனில் ஒரு ரூபாயும் குறையாது, தெருவிளக்குதான் அணையும். வரி செலுத்தியவர் இரசீதைப் பெற்றுக்கொண்டு, கிராம சபையில் கேட்பு, வசூல், நிலுவை ஆகிய மூன்றையும் படிக்கச் சொல்லலாம். பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர் வர எவ்வளவு செலவாயிற்று என்பதையும் அங்கேயே கேட்கலாம்.